மூளை அச்சுகளும் வெள்ளைத் தலைகளும்

கம்பெனி ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கவிதா போன மாதம் வீட்டுக்கு வந்து கேட்டாள். இப்போது பெயின்ட் செக்‌ஷனை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். என்னிடம் பிரஷ் பிடிக்கக் கற்றவள். "அக்கா, பழைய அனுபவமா எழுதுங்க. நல்லதாப் பாத்து நாலு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதுமுங்க" என்றாள். நல்லதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது. இதை அவர்கள் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

என் பெயர் ராஜாமணி. அன்னூர்ப் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் காடு கொஞ்சம் இருந்தது. மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. டிராயிங் பரீட்சை பாஸ் செய்துவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்த நாளில், கோயமுத்தூர் கணபதியில் ஒரு கம்பெனிக்குப் பெயின்ட் அடிக்கப் பெண்கள் வேண்டும் என்று சொன்னார்கள். பொம்மைக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே அலமாரி அலமாரியாகக் கல்லீரலும் இதயமும் கண்ணும் காதும் இருந்தன. பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் மாடல் செய்து அனுப்பும் இடம் அது. முதலாளி சென்னியப்பன் காங்கேயத்துக்காரர். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்த விவசாயக் குடும்பம். அவருடைய மச்சினர் ஒரு டாக்டர். வடக்கேயிருந்து வருகிற மாடல்கள் வழியிலேயே உடைந்து போகின்றன, நீங்களே இங்கே செய்யலாமே என்று அவர் சொல்லப்போய் ஆரம்பித்த தொழில்.

முதலில் அச்சு கழுவினேன். பிறகு வார்த்த மாடலின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தேய்த்தேன். பிறகு எலும்புக்கும் பல்லுக்கும் வெள்ளை அடித்தேன். கை நிதானப்பட்டுவிட்டது என்று யாரோ சொன்ன பிறகுதான் மூளை செக்‌ஷனுக்கு அனுப்பினார்கள். அது ஞானமுத்து சாருடைய இடம்.

ஞானமுத்து சார் முன்பு ஒரு மருத்துவக் கல்லூரியில் படம் வரைபவராக இருந்தவர். சி.எஸ்.ஐ. சபைக்காரர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு பிளாஸ்டரில் வேலை செய்வார். சட்டையில் ஒரு துளி வெள்ளை இருக்காது. கம்பெனியில் இருந்த மூளை அச்சுகள் எல்லாமே அவர் எடுத்தவை. கல்லூரியில் அனுமதி வாங்கி, நிஜ மூளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எடுத்தவை.

எப்படி எடுப்பார் என்பதை எனக்கு ஒருமுறை முழுக்கச் செய்து காட்டினார். மருந்தில் ஊறிய மூளை கெட்டிப்பட்டு, நன்றாக உறைந்த கட்டித் தயிரை வடிகட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதன் மடிப்புகளுக்கு இடையில் களிமண்ணை நூல் மாதிரி உருட்டி வைப்பார். வைக்காவிட்டால் பிளாஸ்டர் உள்ளே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது மூளை பிய்ந்துவிடும். சோப்புத் தண்ணீர் பூசி, பாதி பாதியாகப் பிளாஸ்டர் ஊற்றி எடுப்பார். அதிலிருந்து ஒரு மூளை வார்த்து, களிமண் அடைத்திருந்த ஒவ்வொரு மடிப்பையும் நிஜத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால் செதுக்கி ஆழப்படுத்துவார். அதற்கே மாதக் கணக்காகும். அப்புறம்தான் அதிலிருந்து தொழிலுக்கான அச்சு. அது ஒரே துண்டாக இருக்காது. பல துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துக் கயிறு போட்டுக் கட்டவேண்டும். ஒரு துண்டு தொலைந்தாலும் மற்ற எல்லாம் வெறும் கட்டி.

நிறம் கொடுப்பது என் வேலை. மூளை ரோஸ் நிறம் என்று சினிமாவில் காட்டுவார்கள். வெளுத்த சந்தன நிறத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு சேர்த்தால் எப்படியோ, அதுதான் சரியான நிறம். அதன் மேல் ரத்தக்குழாய்க்குச் சிவப்பு. பேச்சு, பார்வை, கை கால் அசைவு எல்லாம் எந்த எந்த இடம் என்று காட்ட நீர்த்த வண்ணங்கள். கடைசியில் நம்பர்.

முடித்ததை சார் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தப்பு இருந்தால் பென்சிலின் மொட்டை முனையால் அந்த இடத்தைத் தொடுவார். "இங்க ஒருக்கா பாருங்க அம்மணி" என்பார். அவ்வளவுதான். எதுவும் சொல்லாமல் கீழே வைத்தால் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். சரி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வாங்குவது கஷ்டம். முதலாளி வந்து, "என்னங்க சார், இந்த வாரம் அனுப்பிரலாங்களா, சரிங்களா?" என்று கேட்டால்கூட, "பாக்கலாமுங்க" என்பதற்கு மேல் வராது.

ஒருமுறை மதுரைப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போன மாடலில் பேச்சுக்கான இடம் வலது பக்கம் வண்ணம் அடிக்கப்பட்டுப் போய்விட்டது. புதிதாக வந்த ஒரு பெண் செய்தது. சார் லீவில் இருந்த நாளில் அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலான மனிதர்களுக்கு அது இடது பக்கம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள பொட்டுக்குச் சற்று மேலே. சார் திரும்பி வந்து, அதே பெண் வண்ணம் அடித்து இன்னும் அனுப்பாமல் இருந்த இன்னொரு மாடலைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. கல்லூரியிலிருந்து யாரும் குறை சொல்லவில்லை. முதலாளி, "உடுங்க சார், அடுத்த லோடுல மாத்திக் குடுத்துக்கலாம்" என்றார். சார் அன்றைக்கே பஸ் ஏறினார். மறுநாள் மாலை அந்த மூளையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இதைப் பாத்துப் படிக்கற பையன் நாளைக்கு ஒருத்தர் தலையத் தொறப்பானுங்க" என்று முதலாளியிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் குறைவு என்பதுபோலச் சொன்னார். முதலாளி அந்த மாடலை வாங்கிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றை உடனே செய்து அனுப்பச் சொன்னார். அப்போது அவர் அப்படிப்பட்டவராகத்தான் இருந்தார். அதையும் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகள் தொடங்கியபோது எல்லாம் மாறியது. வடக்கேயிருந்து பிளாஸ்டிக் மாடல்கள் வந்தன. விழுந்தால் உடையாது, தூக்கினால் கனக்காது. மடிப்பெல்லாம் மொழுக்கென்று வடை மாதிரி இருக்கும். ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு அது போதும். எங்கள் ஆர்டர் சுருங்கியது. அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மகன் தினேஷ் படிப்பை முடித்துவிட்டு வந்து கம்பெனியில் உட்கார்ந்தார். கெட்டிக்காரப் பையன். சிறு வயதிலிருந்து பார்த்ததால் நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்.

முதலாளி பொறுப்பை மகனிடம் கொடுத்த அன்று எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். "கம்பெனிய நீ எப்படி வேணாலும் நடத்திக்க கண்ணு. ஆனா அச்சு ரூம்ல கை வெக்கறதுன்னா சார் சரின்னு சொல்லோணும். அவரு வாயில அந்தச் சொல்லு வராம ஒரு அச்சக்கூட நகத்தப்படாது." தினேஷ் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்று மாலை சார் அச்சு ரூமைத் தானே கூட்டிப் பெருக்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் தினேஷ் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து சாரின் மேசைமேல் விரித்தார். வீட்டு அலங்காரச் சாமான்களின் படங்கள். அதில் ஒரு தலை. வெள்ளைவெளேரென்று, முடியில்லாமல், மூடிய உதட்டோடு ஒரு மனிதத் தலை. மண்டை முழுக்கக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இங்கிலீஷில் ஒரு சொல்.

"வெளிநாட்டுல இதுக்கு அப்படி ஒரு மவுசுங்க சார். பழசு கெடைக்கறதில்லை. புதுசாச் செஞ்சு, பழசு மாதிரி விரிசல் உட்டுக் குடுத்தா எத்தனை வேணாலும் வாங்கிக்கறாங்க. திருப்பூர்ல நம்ம சொந்தக்காரர் மூலமா ஒரு பார்ட்டி வந்திருக்குது."

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. என்ன எழுதியிருக்கிறது என்று சாரிடம் கேட்டேன். அவர் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். உச்சந்தலையில் பக்தி. பின்மண்டையில் பிள்ளைப்பாசம். காதுக்கு மேலே ரகசியம் காப்பது. கண்ணுக்குக் கீழே பேச்சு.

"பேச்சு அங்க இல்லீங்களே சார்" என்றேன்.

"இதுல எதுவுமே அங்க இல்லீங்க அம்மணி" என்றார். பிறகு தினேஷிடம் திரும்பினார். "ஒரு காலத்துல வெள்ளைக்காரங்க மண்டை மேடுபள்ளத்தத் தடவிப் பாத்தே ஆளோட குணத்தச் சொல்லிரலாம்னு நெனச்சாங்க தம்பி. நம்ம ஊரு மண்டையோட்டையெல்லாம் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயி அளந்து, இவனுங்க பொறப்புலயே திருடனுங்க, இவனுங்களுக்குப் புத்தி இவ்வளவுதான்னு எழுதி வெச்சாங்க. பொய்யின்னு எப்பவோ தெரிஞ்சுபோச்சு."

"யாரும் இதப் படிக்கறதுக்கு வாங்கறதில்லீங்க சார். ஷோகேஸ்ல வெக்கறாங்க. புத்தகத்துக்குப் பக்கத்துல நிறுத்தறாங்க. அழகுக்குத்தானுங்க."

"இருக்கட்டுமுங்க. என் கையால செஞ்சு குடுக்கச் சொல்லாதீங்க."

"ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க சார். நான் பாத்துக்கறேன்."

சார் புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

சார் சொல்லாவிட்டாலும், அச்சு ரூமைத் தொடாமல் வெளியில் புது அச்சு எடுத்துத் தலைகள் வந்தன. தினேஷ் சொன்னது பொய்யில்லை, ஆர்டர் வந்து குவிந்தது. சாரிடம் நான்கு பெண்கள் இருந்தோம். எல்லோரையும் ஒவ்வொருவராகத் தலை செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அந்த இங்கிலீஷ் எழுத்துகளை எழுதியது நான்தான். எழுதியதும், டீத்தூள் டிகாஷனைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, பழைய கறை மாதிரி ஆக்குவோம். அந்தத் தலைகள் இல்லாவிட்டால் கம்பெனியை மூடியிருப்பார்கள். எனக்கும் வேலை போயிருக்கும். அதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. என் மனக்கசப்பு அதனால் வந்ததல்ல.

தலைகள் ஓடியதும் அலங்கார மூளைகள் வந்தன. தங்க நிற மூளை, திரைச்சீலைக்குப் பொருத்தமாக நீல மூளை, மேசையில் காகிதத்தின் மேல் வைக்கிற குட்டி மூளை. அப்புறம் புத்தகங்கள் சாயாமல் இரண்டு பக்கமும் நிறுத்த மூளையை இரண்டாக்கிப் பக்கத்துக்கு ஒரு பாதியாகச் செய்தார்கள். இரண்டு அச்சு எதற்கு என்று ஒரே அச்சில் இரண்டு பாதியையும் ஊற்றினார்கள். இரண்டுமே இடது பாதி. சார் அந்த வழியாகப் போனவர் இரண்டையும் கையில் எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை.

"இப்படி ஒரு ஆளு இன்னும் பொறக்கலீங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். பெண்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவருக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரு மேசையும் ஜன்னலும்தான். ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து எப்போதாவது வரும் ஆர்டரை அவரே வார்த்து, அவரே தேய்த்து, சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டு நிறம் கொடுக்கச் சொல்வார். நான் என் டிபன் பாக்ஸை அங்கேயே எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அப்படி ஒரு மதியம்தான் அது நடந்தது. நான் ரத்தக்குழாய் எழுதிக்கொண்டிருந்தேன். சார் எதிரில் உட்கார்ந்து நம்பர் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "அந்த ஜன்னலக் குடுங்க அம்மணி" என்றார். நான் நிமிர்ந்தேன். "ஜன்னல்" என்றார் மறுபடியும், என் கையிலிருந்த பிரஷைப் பார்த்துக்கொண்டு. அவருக்கே தப்பு தெரிந்தது. வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையிலிருந்த நம்பர் சீட்டு நழுவி விழுந்தது. கை அப்படியே மேசையில் கிடந்தது. அவர் அதை இடது கையால் எடுத்துப் பார்த்தார், யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல.

மூளையின் எந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேலேயே அது இருந்தது, சிவப்பு காயாமல்.

வெளியே ஓடினேன். வாசலில் கம்பெனி வேன் நின்றது. உள்ளே முழுக்கத் தலைகள், அட்டைப்பெட்டிகளில். கொச்சி போகவேண்டிய லோடு. "தம்பி, சாருக்குப் பக்கவாதம் மாதிரி இருக்குதுங்க. வண்டி வேணுமுங்க" என்றேன். தினேஷ் பதறித்தான் போனார். உள்ளே ஓடி சாரைப் பார்த்தார். திரும்பி வேனைப் பார்த்தார்.

"எறக்கி ஏத்தறதுக்குள்ள நேரமாயிருமுங்கக்கா. கப்பல உட்டுட்டா ஆர்டரே போயிரும். ஆட்டோ புடிச்சுப் போங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லீர்றேன்."

"பெட்டிய எறக்க வேண்டாமுங்க. முன்னால டிரைவர் பக்கத்துல உக்கார வெச்சாப் போதும். வழிலதானுங்க ஆஸ்பத்திரி."

"ஒரு பக்கம் சாஞ்சிருவாருங்க. ஆட்டோவே நல்லது" என்றார். டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். வேன் கிளம்பியது.

ஆட்டோ கிடைப்பதற்கு நேரமானது. ரயில்வே கேட் போட்டிருந்தது. சார் என் தோளில் சாய்ந்திருந்தார். அவருடைய முழுக்கைச் சட்டையில் வாயோரம் வழிந்தது பட்டுக்கொண்டே இருந்தது. நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போனது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நன்றாகியிருப்பாரா என்று பின்னால் டாக்டரிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். நன்றாகியிருக்கமாட்டார் என்றும் சொல்ல முடியாது அல்லவா? அதைக் கேட்கவில்லை.

உயிர் பிழைத்தார். வலது கை விழுந்துவிட்டது. கால் இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு போயிற்று. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வராது என்றார் டாக்டர். சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வெளியே வரும் என்றார். சாருக்கு எது மிஞ்சியது என்று மூன்றாம் நாள் தெரிந்தது.

பெரிய முதலாளி சென்னியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கம் நின்று, "எப்படி இருக்கீங்க சார்?" என்றார்.

"சரிங்க" என்றார் சார்.

முதலாளி முகம் மலர்ந்தது. "சாப்டீங்களா?"

"சரிங்க."

"வலி ஏதும் இருக்குதுங்களா?"

"சரிங்க."

சாரின் மனைவி எஸ்தரக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான்தான் முதலாளியிடம் சொன்னேன்: "அவருக்கு அந்த ஒரு சொல்லுத்தானுங்க ஐயா வருது. என்ன சொல்ல நெனச்சாலும் அதேதான். வேண்டாம்னு நெனச்சாலும் அதேதானுங்க." முதலாளி சாரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அவர் அழுததை நான் பார்த்தேன். அவருக்கு விஷயம் தெரியும் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சார் நடமாடத் தொடங்கியதும், இனி வேலைக்கு வரமுடியாது என்றாகி, கம்பெனியில் வழியனுப்பு விழா வைத்தார்கள். முற்றத்தில் சாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எஸ்தரக்கா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். பொத்தான்களை எஸ்தரக்கா போட்டுவிட்டிருக்கவேண்டும்.

தினேஷ் பேசினார். சாரால்தான் கம்பெனிக்குப் பேர் வந்தது என்றார். உண்மை. எங்களுக்கெல்லாம் அவர் தகப்பன் மாதிரி என்றார். பிறகு ஞாபகார்த்தமாக ஒன்றைக் கொடுத்தார். ஒரு வெள்ளைத் தலை. பீடத்தில் பித்தளைத் தகட்டில் சாரின் பெயர். மற்ற தலைகளில் இங்கிலீஷ். இதில் மரியாதைக்காகத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதியது நான் இல்லை. கண்ணுக்குக் கீழே ‘பேச்சு’ என்று இருந்தது.

சாரின் மடியில் அதை வைத்தார்கள். கைதட்டினோம். சார் குனிந்து அதைப் பார்த்தார்.

தினேஷ் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "சாரு கிட்ட ஒரு அனுமதி கேக்கோணும். பேக்கிங்குக்கு எடமே பத்தலை. அச்சு ரூம்ல இருக்கற பழைய பிளாஸ்டர் அச்சையெல்லாம் எடுத்துட்டு அந்த ரூமப் பேக்கிங்குக்கு எடுத்துக்கலாம்னு இருக்கறோம். அப்பா சொல்லியிருக்காரு, சாரு ஒரு வார்த்தை சரின்னு சொல்லோணும்னு." குனிந்து மைக்கை சாரின் வாய்ப் பக்கம் நீட்டினார். "சரிங்களா சார்?"

சார் தலையை ஆட்டினார், இடமும் வலமும், நன்றாகத் தெரியும்படி. வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் முற்றம் முழுக்கக் கேட்டது.

"சரிங்க."

கைதட்டினார்கள். புதிதாக வந்த பெண்களுக்கு விஷயம் தெரியாது. சார் மறுபடியும் தலையாட்டினார். "சரிங்க, சரிங்க, சரிங்க" என்றார், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சத்தமாக. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

எஸ்தரக்கா எழுந்தார். "அவருக்குச் சம்மதமில்லீங்க தம்பி" என்றார். சத்தம் போடாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அவரே சரிங்கறாருங்களே அம்மா" என்றார் தினேஷ்.

நான் பெரிய முதலாளியிடம் போனேன். "ஐயா, உங்களுக்குத் தெரியுமுங்களே. ஆஸ்பத்திரில சொன்னேனுங்களே. அவரு தலைய ஆட்டறதப் பாருங்க. நமக்கு அந்த அச்சு வேண்டாமுன்னா ஏதாச்சும் காலேஜுக்காவது குடுத்தர்லாமுங்க. சும்மாக் குடுத்தாக்கூட வாங்கிக்குவாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார், சாமியானாவைப் பார்த்தார். "அவரு வாயால சொல்லிப்போட்டாரு அம்மணி. இனி நான் என்ன சொல்றது?" என்றார்.

அப்போது சார் இடது கையால் மடியிலிருந்த தலையைத் தள்ளினார். முழு பலத்தோடு தள்ளினார். அது சிமெண்டுத் தரையில் விழுந்தது. பிளாஸ்டராக இருந்தால் சில்லுச் சில்லாகப் போயிருக்கும். அது ஃபைபர். டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உருண்டுபோய் நாற்காலிக் காலில் முட்டி நின்றது. கை நழுவிவிட்டது என்று நினைத்து ஒரு பெண் ஓடிப்போய் எடுத்தாள், முந்தானையால் தூசி துடைத்தாள், பத்திரமாக அவர் மடியிலேயே மறுபடியும் வைத்தாள்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது அச்சு ரூம் கதவு திறந்திருந்தது. இரண்டு ஆட்கள் சம்மட்டியோடு நின்றார்கள். முற்றத்தில் லாரி திரும்புகிற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று உண்டு. உடைத்ததைக் கொண்டுவந்து அதில் கொட்டினார்கள். உடைந்த துண்டுகளின் உட்பக்கத்தில் மடிப்புகள் பளிச்சென்று தெரிந்தன. சார் செதுக்கிச் செதுக்கி ஆழப்படுத்தியவை. உடையாத துண்டு ஒன்று கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். இடது பாதியின் நெற்றிப் பக்கம். கூடச் சேரவேண்டிய துண்டுகள் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கீழே போட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் மேலே மண் போட்டு லாரியை ஏற்றி இறக்கினார்கள். நான் போய் என் மேசையில் உட்கார்ந்து, தலைகளுக்கு எழுத்து எழுதினேன்.

வேலையை விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். விடவில்லை. எனக்கு வேறு போக்கிடம் இல்லை, அதுதான் காரணம். ரிட்டயர் ஆகும் வரை அங்கேயே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சார் வீட்டுக்குப் போவேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா வாரம் ஒருமுறை வந்தார். பாடச் சொல்லுங்கள், பாட்டு மூளையில் வேறு வழியாக வரும் என்று அவர் சொன்னார். அது நிஜம். எஸ்தரக்கா கோயில் பாட்டு ஒன்றைத் தொடங்கினால் சார் கூடவே சேர்ந்து, ஒரு சொல் பிசகாமல் கடைசி வரை பாடுவார். பாட்டு முடிந்ததும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "சரிங்க." வேண்டாமா என்றாலும், "சரிங்க." அவர் கண்ணைப் பார்த்து எஸ்தரக்கா புரிந்துகொள்வார்.

நாங்கள் அவருக்கு ஒரு சொல்லைப் பழக்க முயற்சி செய்தோம். வேண்டாம் என்ற சொல். எஸ்தரக்காதான் அதைத் தேர்ந்தெடுத்தார். "பசிக்குதுன்னு சொல்லாட்டிப் பரவால்ல ராஜாமணி. நேரமானா நான் சோறு போட்டுருவேன். இது அவருக்கு வேணும்" என்றார். சாரின் இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டிக்கொண்டே, பாட்டு மாதிரி இழுத்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பார். சார் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நெற்றியில் வியர்க்கும். "சரிங்க" என்று வரும். தலையைக் குனிந்துகொள்வார். மறுபடியும் ஆரம்பிப்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

ஒரு கிறிஸ்துமஸுக்குத் தினேஷ் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். கம்பெனி நன்றாகப் போகிறது என்றார், புதிதாக எலும்புக்கூட்டு விளக்கு ஒன்று செய்கிறோம் என்றார். நல்ல மனதோடுதான் பேசினார். பிறகு பையிலிருந்து ஒரு லட்டு டப்பாவை எடுத்து சாரிடம் நீட்டினார். "எடுத்துக்கங்க சார்" என்றார்.

சார் டப்பாவைப் பார்த்தார். பிறகு தினேஷின் முகத்தைப் பார்த்தார். இடது கை நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது, எஸ்தரக்கா பழக்கிய தாளத்தில். வாய் கோணியது. வெறும் காற்று வந்தது. மறுபடியும் காற்று. பிறகு சொன்னார்.

"வேண்டாம்."

சமையலறை வாசலில் காபியோடு வந்த எஸ்தரக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"வேண்டாம்" என்றார் சார், இன்னும் தெளிவாக.

தினேஷுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அட, சாருக்குப் பேச்சு வந்துருச்சுங்களே அம்மா. அப்பா கிட்டச் சொன்னா ரொம்பச் சந்தோசப்படுவாருங்க" என்றார். டப்பாவை மேசைமேல் வைத்தார், சாரின் தோளைத் தட்டிக் கொடுத்தார், காபியை அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கார் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது.

சார் நிறுத்தவில்லை. நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். வேண்டாம். வேண்டாம். வேண்டாம். அந்த வீட்டில் அப்போது வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு லட்டு டப்பாதான் இருந்தது.